பதிவேட்டில் ‘கன்சம்ப்ஷன்’: வாசகர் கேள்விக்கு நெஞ்சக மருத்துவரின் பதில்

கேள்வி: எங்கள் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குடும்ப வரலாற்றை எழுதிவைக்கலாம் என்ற ஆசையில் ஊர்த் தேவாலயத்தின் பழைய அடக்கப் பதிவேட்டைப் புரட்டினேன். என் அம்மாவின் அத்தை 1946-ஆம் ஆண்டு, 24 வயதில் இறந்திருக்கிறார். இறப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் ‘கன்சம்ப்ஷன்’ என்று எழுதியிருக்கிறது. மின்வாரியக் கணக்கில் நாங்கள் செலவழித்த யூனிட்டுகளுக்கும் இதே சொல்தான் இருக்கிறது. ஒரே சொல் எப்படி நோயாகவும் மின்சாரச் செலவாகவும் ஆனது? அத்தை நோயில் விழுந்ததும் புகுந்த வீட்டார் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம். இருமி இருமி, படிக்கத்தில் ரத்தம் கண்டு, எலும்பும் தோலுமாகிப் போனார் என்று சொல்வார்கள். அவரைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட தம்பியும் மூன்று ஆண்டுகளுக்குள் அதே நோயில் போய்விட்டார். ‘அந்த வீட்டு ரத்தத்திலேயே உருக்கி நோய் ஓடுகிறது’ என்று ஊரில் பேசியதால் அம்மாவின் கல்யாணமே தள்ளிப்போனதாம். இப்போது என் மகளுக்கு வரன் பார்க்கிறோம். இதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியாக வேண்டுமா? அம்மாவுக்கு இப்போது 84 வயது. சிறு வயதில் அந்த அத்தையின் பக்கத்தில்தான் படுத்துத் தூங்குவாராம். அவர் நன்றாகத்தான் இருக்கிறார். இந்த நான்கைந்து மாதங்களில் கொஞ்சம் இளைத்துவிட்டார், அவ்வளவுதான்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்ட வரிசையில் பதில் சொல்வதுதான் முறை. ஆனாலும், கேள்வியாக இல்லாமல் கடிதத்தின் கடைசி வரியில் நீங்கள் எழுதியிருக்கும் செய்தியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 84 வயதில் ஒருவர் காரணம் தெரியாமல் நான்கைந்து மாதங்களாக இளைத்துக்கொண்டு வருகிறார் என்றால் அதை வயதின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. அதிலும், பெரும்பாலும் காசநோயாகவே இருந்திருக்கக்கூடிய ‘கன்சம்ப்ஷன்’ கண்ட அத்தையின் அருகில் படுத்து வளர்ந்த குழந்தை அவர் என்று நீங்களே சொல்லியிருப்பதால், இந்த வாரமே அவரை அழைத்துச் சென்று மார்பு எக்ஸ்ரே எடுத்து, சளிப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். ஏன் என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

‘கன்சம்ப்ஷன்’ என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன் மொழி. அதில் ‘சூமெரே’ என்றால் எடுத்தல். அதற்கு முன்னொட்டுச் சேர்ந்து ‘கோன்சூமெரே’ என்று ஆகும்போது, மிச்சம் வைக்காமல் முழுவதும் எடுத்துத் தீர்த்துவிடுதல் என்று பொருள் வலுக்கிறது. நெருப்பு விறகைத் தீர்ப்பதற்கும், மனிதன் உணவை உண்டு முடிப்பதற்கும், கையிலிருந்த பணம் கரைவதற்கும், நோய் உடலை அரித்துத் தின்பதற்கும் அந்த ஒரே வினைச்சொல் போதுமானதாக இருந்தது. அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, உடல் தேய்ந்துபோகும் நோய் என்பதே அதன் முதற்பொருள்களில் ஒன்றாக இருந்தது. பொருள்களைச் செலவழித்தல் என்ற பொருள் 16-ஆம் நூற்றாண்டிலும், வணிகர்களும் பொருளியல் எழுதியவர்களும் கையாண்ட பொருள் அதற்கும் பிறகும் வந்து சேர்ந்தவை. ஆகவே உங்கள் மின் கணக்கில் இருக்கும் பொருள்தான் இளையது. தேவாலயப் பதிவேட்டில் இருப்பது மூத்தது. நோயைக் குறிக்கும் வழக்கு ஆங்கிலத்தில் மெல்ல மறைந்துபோக, செலவைக் குறிக்கும் வழக்கு மட்டும் நிலைத்துவிட்டதால்தான் இன்று பார்க்கும் நமக்கு அது விநோதமாகத் தோன்றுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த இரண்டையும் இரு வேறு சொற்களாகப் பிரித்து வைத்துக்கொண்டார்கள்: செலவுக்கு ‘கொன்சொமாசியோன்’, தேய்வுக்கு ‘கொன்சொம்ப்சியோன்’.

தமிழில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. செலவுப் பொருளுக்கு நாம் எடுத்துக்கொண்ட ‘நுகர்வு’ என்பது வேறொரு நிலத்தில் விளைந்த சொல். நுகர்தல் என்றால் மணத்தையோ சுவையையோ இன்ப துன்பத்தையோ அனுபவித்தல். மணிமேகலை பௌத்தரின் பன்னிரு நிதானங்களை (பிறவித் தொடருக்கான காரணங்களை) வரிசைப்படுத்தும்போது ‘நுகர்வே வேட்கை பற்றே பவமே’ என்று சொல்லும் இடத்தில், நுகர்வு என்பது புலன்வழி வரும் உணர்ச்சியைத்தான் குறிக்கிறது. அனுபவிப்பவர் மீது கண் வைத்த சொல் அது. தீர்ந்துபோகும் பொருளின் மீது கண் வைத்தது லத்தீன் சொல். அதனால் நோய்க்கு நாம் ‘நுகர்வு’ என்ற பெயரை ஒருநாளும் தேடிப் போகவில்லை. க்ஷயம், சயரோகம், எலும்புருக்கி, உருக்கி நோய் என்றெல்லாம் தேய்வையும் உருகலையும் நேரடியாகச் சொல்லும் பெயர்களை வைத்துக்கொண்டோம். க்ஷயம் என்ற வடசொல்லுக்குக் குறைதல், அழிதல் என்பது பொருள். கிரேக்க மருத்துவர்கள் இதே நோய்க்குச் சூட்டிய ‘ஃப்திசிஸ்’ என்ற பெயருக்கும் தேய்வு என்பதே பொருள். தட்சனின் 27 பெண்களை மணந்தும் ரோகிணி ஒருத்தியிடமே அன்பு காட்டியதால் சாபம் பெற்றுச் சந்திரன் தேய்ந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை இந்நோயை ராஜயக்ஷ்மா என்ற பெயரில் விவரிக்கும்போது அந்தக் கதையையே அதன் பிறப்பாகக் கூறுகிறது. ஏதென்ஸிலும் காசியிலும் லண்டனிலும் திருநெல்வேலியிலும் நோயாளியின் கட்டிலருகே நின்றவர்கள் கண்ட காட்சி ஒன்றுதான்: நேற்று வரை நன்றாயிருந்த இளைஞனோ இளம்பெண்ணோ கண் முன்னே கரைந்துகொண்டிருந்தார்கள்.

இந்தப் பெயர்கள் அனைத்தும் கண்ணுக்குத் தெரிந்த விளைவைச் சொல்கின்றனவே தவிர, எதனால் அது நேர்கிறது என்பதைச் சொல்லவில்லை. உங்கள் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை இங்கேதான் இருக்கிறது.

பதிவேட்டில் ‘கன்சம்ப்ஷன்’ என்று இருப்பதால் அது காசநோய்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. உடலை உருக்கும் எந்த நோயும் அந்தக் காலத்தில் அந்தப் பெயருக்குள் போய் விழுந்தது. புற்றுநோய், நீரிழிவு, நாட்பட்ட வயிற்றுப்போக்கு, கல் உடைப்பவர்களின் நுரையீரலில் தூசி படிந்து வரும் நோய் ஆகியவை யாவும் வெளித்தோற்றத்துக்கு ஒன்றுபோலவே இருந்தன. லண்டன் நகர இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து 1662-இல் எழுதிய ஜான் கிரான்ட், இறந்தவர் உடலைப் பார்த்துக் காரணம் சொல்லும் வேலையிலிருந்த வயதான பெண்களால் ஒரு மெலிவு எந்த நோயால் வந்தது என்று பிரித்தறிய முடியவில்லை என்றும், வெளியில் சொல்லக் கூசும் பால்வினை நோயால் இறந்தவர்களையும் சிறு கையூட்டு வாங்கிக்கொண்டு இந்தப் பெயரின் கீழே எழுதிவிட்டார்கள் என்றும் அப்போதே குறித்துவைத்திருக்கிறார்.

நம் பக்கத்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் 1917-இல் நோயில் விழுந்து, காசநோய் என்று கருதப்பட்டு, காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் சானடோரியங்களில் வைக்கப்பட்டார். அவற்றில் ஒன்றை நடத்தியவர் டாக்டர் சவுரிமுத்து. பிற்காலத்தில், 1928-இல், தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கியவரும் அவரே. இன்றும் ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர்தான் இருக்கிறது. ராமானுஜன் ஊர் திரும்பி 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் 32 வயதில் இறந்தபோதும் காசநோய் என்றே பலரும் நம்பினார்கள். ஆனால் அவருடைய நோய்க் குறிப்புகளை 1994-இல் மறுபடி ஆராய்ந்த ஓர் ஆய்வாளர், அது கல்லீரலில் அமீபா தொற்றியதால் வந்த நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று வாதிட்டார். மருத்துவர்கள் பலர் பார்த்த ஒருவருக்கே இந்த நிலை என்றால், கிராமத்துப் பதிவேடு ஒன்றிலுள்ள ஒற்றைச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பாருங்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். 1946-இல் மருத்துவம் படித்தவர்கள் பெரும்பாலும் டி.பி. என்றே எழுதினார்கள்; ‘கன்சம்ப்ஷன்’ அதற்குள் பழைய தலைமுறைச் சொல்லாகியிருந்தது. ஆகவே உங்கள் ஊர்ப் பதிவேட்டில் அதை எழுதியவர், வீட்டார் சொன்னதைக் கேட்டு, தாம் அறிந்த ஆங்கிலச் சொல்லை எழுதிய குருவானவராகவோ உபதேசியாராகவோ இருக்கலாம் என்பது என் ஊகம்.

இவ்வளவும் சொன்ன பிறகும், உங்கள் அம்மாவின் அத்தைக்கு வந்தது காசநோய்தான் என்றே நான் கருதுகிறேன். அதற்குக் காரணம் பதிவேடு அன்று. உங்கள் வீட்டார் நினைவில் வைத்திருந்து சொன்ன செய்திகள். இருபதுகளில் வயது, நாட்பட்ட இருமல், படிக்கத்தில் ரத்தம், எலும்பும் தோலுமாக மெலிந்தது, அருகிலிருந்து பார்த்துக்கொண்டவருக்குச் சில ஆண்டுகளில் அதே நோய். மருந்தில்லாத காலத்துக் காசநோயின் போக்கு இப்படித்தான் இருந்தது. பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்பாகிரட்டஸ் பெயரால் வழங்கும் மருத்துவ வாக்கியங்களிலும் இந்நோய் 18 முதல் 35 வயதுக்குள் மிகுதியாக வருவதாகக் குறிப்பு இருக்கிறது.

அடுத்தது ரத்தம் பற்றிய பேச்சு. ஒரு வீட்டில் அக்காவும் தம்பியும் அடுத்தடுத்து ஒரே நோயில் போனால், பரம்பரை என்று நினைப்பது இயல்புதான். ஐரோப்பாவின் வடபகுதி மருத்துவர்களே 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அப்படித்தான் நினைத்தார்கள். ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸின் தாய் 1810-இல் இந்நோயில் இறந்தார். தம்பி டாம் 1818-இல் இறந்தார். கீட்ஸ் 1821-இல் ரோம் நகரில் 25 வயதில் இறந்தார். குடும்ப மரத்தில் எழுதிப் பார்த்தால் ரத்தத்தில் வருவதாகவே தோன்றும். ஆனால் மருத்துவம் பயின்றவரான கீட்ஸ், தம்பியின் கடைசி மாதங்களில் அடைத்த அறைக்குள் கூடவே இருந்து பணிவிடை செய்தவர். நோய் தொற்றும் என்று நம்பிய ரோம் நகரத்தார், அவர் இறந்ததும் சட்டப்படி அறையின் தட்டுமுட்டுப் பொருள்களை எரித்தார்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் நடந்தது இன்னும் கொடுமையானது. அங்கே ஒரு வேளாண் குடும்பத்தில் தாயும் மூத்த மகளும் இறந்து, 1892-இல் மெர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண்ணும் இறந்தபோது, தம்பி எட்வினும் நோயில் கிடந்தான். உயிரோடிருப்பவர்களை யாரோ தின்றுகொண்டிருக்கிறார்கள், அது இறந்துபோனவர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஊரார் முடிவுகட்டி, மெர்சியின் உடலைத் தோண்டி எடுத்து, இதயத்தை எரித்து, அந்தச் சாம்பலைத் தம்பிக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். எட்வின் இரண்டு மாதங்களுக்குள் இறந்துபோனான். நோய் ஆளைத் தின்கிறது என்ற பெயரை அப்படியே நம்பினால், தின்பவர் யார் என்ற தேடல் எந்த எல்லைக்கும் போகும் என்பதற்கு இது சான்று.

அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1882 மார்ச் 24 அன்று, பெர்லினில் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் காசநோயைத் தரும் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்திருந்தார். அதற்கும் முன்னதாக 1865-இல் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் வில்மென், நோயுற்றவரின் உடலிலிருந்து எடுத்த பொருளை முயல்களுக்குச் செலுத்தி நோய் பரவுவதைக் காட்டியிருந்தார். நுரையீரலில் காணும் சிறு முடிச்சுகளை வைத்து ‘டியூபர்குலோசிஸ்’ என்ற பெயரும் 1830-களிலேயே ஜெர்மானிய மருத்துவர் ஷோன்லைனால் வழங்கப்பட்டுவிட்டது.

இன்று நமக்குத் தெரிந்திருப்பது இதுதான். நுரையீரல் காசநோயுள்ள ஒருவர் இருமும்போதும் உரக்கப் பேசும்போதும் கிருமி மிக நுண்ணிய துளிகளாகக் காற்றில் கலக்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் அது மணிக்கணக்கில் மிதக்கிறது. அதே காற்றை நாள்கணக்கில், மாதக்கணக்கில் சுவாசிப்பவருக்குத் தொற்றுகிறது. தட்டு, டம்ளர், படுக்கை, துணி வழியாக அது பரவுவதில்லை. ஆகவே தட்டைத் தனியாக ஒதுக்கி வைப்பதால் ஒரு பயனும் கிடையாது, நோயாளியின் மனம் புண்படுவதைத் தவிர. உடலின் எதிர்ப்புத்திறனில் மரபணுக்களுக்கு ஓரளவு பங்கு இருக்கலாம். ஆனால் நோயைத் தருவது கிருமி. அதைக் குடும்பத்துக்குள் பரப்புவது ஒரே கூரையும் ஒரே காற்றும், அதன் மேல் பசியும். உங்கள் அம்மாவின் சித்தப்பா அக்காவைக் கைவிடாமல் பார்த்துக்கொண்டார். அவர் இறந்தது அந்த அன்பினால் நேர்ந்த தொற்றில். ஊர் அதை ரத்தத்தின் குற்றம் என்று பேசியது பெரிய அநியாயம். குடும்ப வரலாறு எழுதுகிறீர்கள் என்றால் இந்த வரியை அதில் தவறாமல் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அத்தை இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து 1943-இல் அமெரிக்காவில் பிரித்தெடுக்கப்பட்டது. அதைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு 1948-இல் வெளிவந்தது. ஐசோநியாசிட் மாத்திரை 1952-இல் வந்தது. அதுவரை வசதியுள்ளவர்களுக்குச் சானடோரியம், மலைக்காற்று, முட்டையும் பாலும். மற்றவர்களுக்குப் பிறந்த வீட்டுத் திண்ணை. மருந்து வந்த பிறகு, மருத்துவமனையில் படுக்கவைக்காமல் வீட்டிலேயே இந்நோயைக் குணமாக்க முடியுமா என்ற கேள்விக்கு உலகத்துக்கே விடை சொன்னது சென்னைதான். 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நகரத்தின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு நெருக்கடியான அவர்கள் வீடுகளிலேயும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு அவை கிடைக்கவில்லை. ஆயினும் குணமானவர்களின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் வைத்து மருந்து கொடுத்ததால் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகுதான் உலகெங்கும் சானடோரியங்களின் தேவை படிப்படியாகக் குறைந்தது. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குவது அந்த மையமே.

பழைய பெயர்கள் கண்டது விளைவைத்தான் என்றேன். ஆனால் அந்த விளைவை அவை மிகச் சரியாகவே கண்டிருந்தன. உடல் ஏன் கரைகிறது என்பதை மருத்துவம் பிற்பாடுதான் புரிந்துகொண்டது. கிருமியை எதிர்த்துப் போராடும் நம் உடலின் அணுக்களே சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவை பசியை அடக்குகின்றன, காய்ச்சலை மூட்டுகின்றன, தசையிலுள்ள புரதத்தைக் கரைத்து எடுத்துக்கொள்கின்றன. அவற்றில் ஒன்றான டி.என்.எஃப் என்பதற்கு, உடலை மெலியச் செய்கிறது என்பதால் ‘கேக்கெக்டின்’ என்ற பெயரும் ஒரு காலத்தில் இருந்தது. மெலிவு நோயின் அடையாளமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அதுவே எதிர்ப்புத்திறனை மேலும் குறைத்து நோயை வளர்க்கிறது. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், காசநோயாளியின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவுப் பொருள்கள் கொடுத்தபோது அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும், நோய் கண்டறிந்தவுடனே எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பனவற்றைப் பார்த்து, மிக மெலிந்தவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது.

இப்போது உங்கள் அம்மாவைப் பற்றி. குழந்தையாக இருந்தபோது அந்தக் காற்றைச் சுவாசித்தவருக்குக் கிருமி உடலில் நுழைந்திருக்க வாய்ப்பு மிகுதி. நுழைந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது வருகிறது. மற்றவர்களிடம் அது உறங்கிக்கிடக்கும். முதுமையில் எதிர்ப்புத்திறன் தளரும்போதோ, நீரிழிவு சேரும்போதோ, ஸ்டீராய்டு மாத்திரைகள் எடுக்கும்போதோ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அது விழித்துக்கொள்ளலாம். நம் நாட்டில் இடையில் புதிதாகத் தொற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர்.

முதியவர்களிடம் இந்நோய் பாடப்புத்தகத்தில் உள்ளபடி வருவதில்லை. மாலைக் காய்ச்சல் இருக்காது, ரத்தம் இருக்காது, இருமல்கூடப் பெரிதாகத் தெரியாது. மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று விழும். ரவிக்கை தோளிலிருந்து வழுகும். கன்னப் பொறியில் குழி விழும். பாதிச் சாப்பாட்டில் போதும் என்று எழுந்துவிடுவார்கள். வீட்டார் ‘வயசாயிட்டுது’ என்பார்கள். இவற்றில் எதையாவது பார்த்திருக்கிறீர்களா என்று யோசியுங்கள். பழைய மருத்துவ அட்டைகளை எடுத்துப் பார்த்தால் சென்ற ஆண்டு எடை எவ்வளவு என்று தெரியும். இன்றைய எடையை அதோடு ஒப்பிட்டு எழுதிக் கொண்டுபோங்கள்.

சளியை இரண்டு முறை கொடுக்க வேண்டும்; அதில் ஒன்று காலையில் எழுந்தவுடன் எடுத்ததாக இருக்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்து, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழ இழுத்து விட்டபின் அடிநெஞ்சிலிருந்து இருமித் துப்பச் சொல்ல வேண்டும். எச்சில் பயன்படாது. சளியே வரவில்லை என்றால் மருத்துவமனையில் உப்புநீர் ஆவி கொடுத்து எடுப்பார்கள். அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியில் இலவசமாகப் பார்க்கிறார்கள்; கிருமி இருக்கிறதா என்பதோடு, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதும் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். சர்க்கரை அளவையும் கூடவே பாருங்கள். காசநோய் இல்லை என்று வந்தால் நிம்மதியோடு நின்றுவிடாதீர்கள். இந்த வயதில் மெலிவுக்குத் தைராய்டு, புற்றுநோய், மனச்சோர்வு, சரியாகப் பொருந்தாத பல்செட் என்று வேறு காரணங்களும் உண்டு, அவற்றையும் தேட வேண்டும்.

காசநோய்தான் என்று வந்தாலும் கலங்க வேண்டாம். மருந்துக்குக் கட்டுப்படும் வகையாக இருந்தால் ஆறு மாத மாத்திரையில் குணமாகும்; சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அது மருந்தின் நிறம்தான். வயதானவர்களுக்குக் கல்லீரலைக் கவனித்துக்கொண்டே மருந்து கொடுக்க வேண்டும் என்பதால், வாந்தி, மஞ்சள் கண், பசியே இல்லாமை கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம்; சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாயாகியிருக்கிறது. பதிவு செய்யும் அரசுத் தளத்தின் பெயர் நி-க்ஷய். க்ஷயம் இல்லாமை என்று பொருள்படும்படி வைத்த பெயர். அம்மாவுக்கு நோய் உறுதியானால், உங்கள் மகள் உட்பட வீட்டிலுள்ள அனைவரும் பரிசோதித்துக்கொண்டு, மருத்துவர் சொன்னால் தடுப்பு மாத்திரையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, வரன் பற்றிய கேள்வி. 1946-இல் இறந்த ஒருவருடைய நோயை இன்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அது உங்கள் மகளின் உடலில் ஓடவில்லை. அவர் பெறப்போகும் பிள்ளைகளுக்கும் போகாது. அதே சமயம் மறைக்க வேண்டிய செய்தியும் அன்று. பேச்சு வந்தால், எங்கள் பாட்டன் வீட்டில் மருந்தில்லாத காலத்தில் இருவர் காசநோயில் இறந்தார்கள் என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். அந்தத் தலைமுறையில் நெருங்கிய உறவு ஒருவரையாவது இந்நோய்க்குப் பறிகொடுத்த குடும்பங்கள் மிகப் பல. கேட்பவர் வீட்டிலும் அப்படி ஒரு கதை இருக்கக்கூடும். ஒருவேளை பரிசோதனையில் மகளுக்கே தொற்று இருப்பதாகத் தெரிந்தாலும், உறங்கும் கிருமி மட்டும் இருப்பவர் யாருக்கும் நோயைப் பரப்புவதில்லை. நோயே இருந்தாலும், சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலோர் பரப்பும் நிலையைக் கடந்துவிடுகிறார்கள். மகளுக்கு நோயே இருக்குமானால் மட்டும் சிகிச்சை முடியும்வரை திருமணத்தைத் தள்ளிவைத்து, மணமகனிடம் அதை நேரடியாகச் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அது அவர்கள் இருவரும் சேர்ந்து வாழப்போகும் வீட்டின் நலன் சார்ந்தது. கல்யாணப் பேச்சை அதற்காக நிறுத்தவேண்டாம். ஆனால் அம்மாவின் பரிசோதனையைக் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். முடிவுகள் வந்ததும் எழுதுங்கள்.